படியா, தடையா?



கலசப்பாக்கத்துப் பேருந்து நிறுத்தத்திலே ஒரு நாழிகை நின்று பாருங்கள். திருவண்ணாமலை செல்லும் நகரப் பேருந்து வருகிறது. இளைஞன் தாவி ஏறுகிறான். அவன் பின்னே வரும் மூதாட்டி கம்பியைப் பற்றுகிறாள், கால் எட்டவில்லை. 2021 மே திங்களிலே மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது கழக அரசு. நடத்துநர் காசு கேட்கவில்லை. ஆனால் படி கேட்கிறதே முழங்காலை! சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ, வண்டி நிற்பதும் ஒன்றே, நில்லாது போவதும் ஒன்றே!

இந்த உயரம் யார் செய்த குற்றம்? முதுமையின் குற்றமா? ஊனத்தின் குற்றமா? அன்று, அன்று! சரக்கு லாரிக்கென அமைந்த அடிச்சட்டத்தின் மேல் கூண்டு கட்டி, அதற்குப் பேருந்து என்று பெயர் சூட்டினோம். எஞ்சின் முன்னே, நீண்ட இரும்புச் சட்டங்கள் அடியிலே, அவற்றுக்கும் மேலே தளம். மூட்டைக்கு வகுத்த உயரத்துக்கு மனிதன் ஏற வேண்டியதாயிற்று!

தாழ்தளப் பேருந்து மனிதனை அளந்து வடிக்கப்பட்டது. எஞ்சின் பின்னே சென்றது. அச்சு தாழ்ந்தது. இரும்பு வில்லுக்குப் பதில் காற்றுப் பைகள் வந்தன. தளத்தின் உயரம் 40 சென்டிமீட்டர் அளவே. நிறுத்தத்திலே காற்றை வெளியேற்றினால் வண்டி ஒருபுறம் மண்டியிடும், சாய்பலகை விரியும், சக்கர நாற்காலி உள்ளே உருளும். யானை மண்டியிட்டுப் பாகனை ஏற்றுமே, அதுபோல!

வெளிநாட்டு வேடிக்கையா இது? 1948இல் சென்னையிலே தோன்றிய நிறுவனமாம் அசோக் லேலண்டு வடித்த வண்டிகள், 2024 ஆகஸ்டில் தலைநகரிலே ஓடத் தொடங்கின, முதலில் 58. அவை எளிதில் வந்தவையல்ல. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று வாதாடிய பின் வந்தவை. 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் நின்றது. உரிமையைக் கேட்டனர், இரக்கத்தை அல்ல!

"சென்னைக்குச் சரி, ஜவ்வாது மலைக்குமா?" என்பார் சிலர். மலை வளைவிலே தாழ்ந்த தளம் தரையில் உராயும், மெய்தான். அங்கே உயர்ந்த வண்டியிலே தூக்கிப் பலகை பொருத்தட்டும். ஆனால் திருவண்ணாமலையிலிருந்து கலசப்பாக்கம் வழியே போளூர் செல்லும் சாலை மலைச்சாலையா? சமவெளி அன்றோ! நிறுத்தத்தைச் சீராக்கி மேடை அமைத்தால், தாழ்தள வண்டிக்கு அங்கே என்ன தடை?

1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் கண்டு, பேருந்தைப் பொதுவுடைமையாக்கினோம். பொதுவுடைமை என்றால் எல்லோரும் ஏறவேண்டும். ஏற இயலாதவன் உடைமையாளனா, வேடிக்கை பார்ப்பவனா?

ஆகவே, தோழர்களே, கிளைதோறும் தீர்மானம் இயற்றுங்கள்: இனி வாங்கும் நகரப் பேருந்து, மாவட்டத்துக்கும் தாழ்தளமாகவே வரட்டும்! கட்டணம் என்னும் தடை வீழ்ந்தது. படி என்னும் தடை மட்டும் நிற்கலாமா?