84 மாடல் காண்டஸாவா? காசைப் பத்திரமா வச்சுக்கோங்க

நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியாவது பழைய காருக்குப் போய்விடுகிறது. இங்கே கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் கேட்டாலும் சரி, தில்லி கரோல்பாகில் கேட்டாலும் சரி, வசனம் ஒன்றுதான். "காண்டஸான்னா 84, 85 மாடல்தான் சார். அதான் ஒரிஜினல். பின்னாடி வந்ததெல்லாம் சும்மா." சொல்பவர் சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார். கேட்டவர் ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்க பேங்குக்கு வருவார். அவர் வந்து உட்காருவது என் டேபிளுக்கு எதிரில். அதனால் எனக்கு இதில் பேச உரிமை உண்டு.

முதலில் இந்த "ஒரிஜினல்" என்ற வார்த்தை. காண்டஸா எதன் ஒரிஜினல்? 1972-ல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடம்பு அது. அவர்கள் செய்து முடித்து விட்டுவிட்ட காரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்து, உத்தர்பாராவில் வைத்து 1984-ல் நமக்குக் கொடுத்தார்கள். (நான் இருக்கும் இடத்திலிருந்து உத்தர்பாரா கூப்பிடு தூரம். ஹூக்ளிக்கு அக்கரை.) சரி, உடம்புதான் இரவல், உயிராவது புதுசா? அதுவும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தது அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின். 50-களில் மோரிஸ் ஆக்ஸ்போர்டில் ஓடிய அதே பி.எம்.சி. சரக்கு. சுமார் 50 குதிரைச்சக்தி. அவ்வளவு நீளமான, அவ்வளவு கனமான வண்டியை அது இழுத்த அழகை, ஏ.சி. போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறியவர்களிடம் கேளுங்கள்.

வில்லன் இறங்கும் கார் என்று சினிமாவில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். இறங்குவதைத்தான் காட்டினார்கள். ஏறியதைக் காட்டவில்லை :-)

80-களின் கடைசியில்தான் காண்டஸாவுக்கு விமோசனம் வந்தது. இசுசுவின் 1,817 சிசி பெட்ரோல் எஞ்சின், சுமார் 88 குதிரைச்சக்தி, ஐந்து கியர். 'காண்டஸா கிளாசிக்' என்று பின்னால் பட்டையைப் போட்டு விற்றார்களே, அதுதான். பின்னர் இசுசு டீசலும் வந்தது. 2002-ல் கடையை மூடும்வரை இந்தக் காரைக் காப்பாற்றியது இந்த எஞ்சின்கள்தான். என்னைக் கேட்டால் காண்டஸா பிறந்தது அப்போதுதான். 84-ல் வந்தது கோட்டு போட்ட அம்பாசிடர்.

நம்பிக்கை இல்லையென்றால் நம்ம ஊர்க் கதையையே பாருங்கள். 1985-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒன்றை விட்டது. ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பு, ஐரோப்பாவில் பரிசெல்லாம் வாங்கிய அழகு. எஞ்சின்? பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர். புது மாப்பிள்ளை வேஷம், தாத்தாவின் முட்டி. 1988-க்குள் கதை முடிந்தது. அதே நோய்தான் 84 காண்டஸாவுக்கும். ஒன்று வைத்தியம் பார்த்துக்கொண்டது, இன்னொன்று போய்ச் சேர்ந்தது. வைத்தியத்துக்கு முந்தைய வருஷத்தைப் போய் உசத்தி என்று கூடுதல் விலை கொடுப்பது என்ன கணக்கு?

"அம்பாசிடர் எஞ்சின்னா மல்லிக் பஜாரில் பார்ட்ஸ் கொட்டிக் கிடக்கு" என்பார்கள். இசுசு 1.8 எஞ்சின் 90-களில் அம்பாசிடருக்கும் வந்தது, அதன் பார்ட்ஸும் அங்கேதான் கிடைக்கும். நிஜமாகவே கிடைக்காதது முன்கண்ணாடி, பின்விளக்கு, க்ரோம் பட்டை மாதிரி காண்டஸாவுக்கே உரிய சாமான்கள். அதற்கு 84-ம் ஒன்றுதான், 98-ம் ஒன்றுதான். பிந்தைய வண்டிகளில் உள்வேலை சரியில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிரீச்சிடும் கதவைப் பட்டறையில் சரிசெய்யலாம். 50-ஐ 88 ஆக்க முடியாது.

இல்லை, ஆக்கியிருக்கிறார்கள். அங்கேதான் வம்பே. பழைய வண்டியில் இசுசு எஞ்சினைத் தூக்கிப் போட்டு, அதுவும் டீசலைப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய எஞ்சின் நம்பரோடு, பெட்ரோல் என்றே விட்டு வைத்திருக்கும் வண்டிகள் எத்தனை தெரியுமா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ ஒரு தடவை படியுங்கள். மாற்றத்தை ஆர்.டி.ஓ.விடம் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் விபத்தென்று வரும்போது இன்ஷூரன்ஸ்காரன் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. புரோக்கர் "84 மாடல், இசுசு எஞ்சின்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் பெருமையாகச் சொன்னால், அந்த இடத்திலேயே ஆர்.சி.யைக் கேளுங்கள்.

அடுத்த புருடா, "விண்டேஜ்". 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டினால்தான் விண்டேஜ். 84 காண்டஸாவுக்கு அந்த யோகம் 2034-ல். அதற்கும் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், தினசரி ஓட்டவும் முடியாது. அதுவரை உங்களுடையது வெறும் பழைய வண்டி. 2022 ஏப்ரலில் பழைய கார் மறுபதிவுக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. 2025-ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அதாவது ஒவ்வொரு காண்டஸாவுக்கும்.

தில்லி, குர்காவ், நொய்டா மக்கள் மாடல் வருஷம் பற்றிப் பேசவே வேண்டாம். டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் கொஞ்சம் இளகினார்கள். டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4-க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். 2002-லேயே நின்றுபோன காருக்கும் பி.எஸ்.4-க்கும் என்ன சம்பந்தம்?

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு, வருமான வரி விதிப்படி வருஷம் 15% தேய்மானம் எழுதிக்கொண்டே வந்தால் நாற்பதாவது வருஷம் புத்தகத்தில் நிற்பது சுமார் 150 ரூபாய். அதற்குமேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் ஆசைக்குக் கொடுக்கிற விலை. ஆசைக்குக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த வயசுக் காருக்கு பேங்கில் கார் லோன் வாங்குவது நடக்காத காரியம். அதனால் அடுத்து எங்கே போகிறார்கள் என்றால் நகைக் கடனுக்கு. அக்காவோ அண்ணியோ கையெழுத்துப் போடும்போது அந்த முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது நான். "84 மாடலாம், விலை ஏறிக்கிட்டே போகுமாம்" என்று எனக்கே விளக்கம் சொல்வார்கள். ஏறும் என்று எழுதிக் கொடுத்தது யார்?

காண்டஸா மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆசைப்படுகிறவர் கொல்கத்தாவிலோ கோவையிலோ இருந்தால், கையில் உபரிப் பணம் இருந்தால், 90-களின் 1.8 பெட்ரோல் வண்டியாக, எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போவதாகப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து போய்ப் பாருங்கள். கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டுங்கள், கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டுங்கள். விரிப்பைத் தூக்க வேண்டாம் சார் என்று விற்பவர் சொன்னால், மாடல் எந்த வருஷம் என்று அப்புறம் கேட்கத் தேவையே இல்லை.