பயணி என்னும் பிழைச்சொல்

இலக்கியத்திற்கென்று வைத்திருக்கும் பக்கத்தில் மோட்டார் பந்தயத்திற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நம்முடைய வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. அதை இங்கே நடத்தாமல் வேறெங்கே நடத்துவது? சைட்கார் பந்தயத்தில் ஒரே வண்டியில் இருவர் செல்கின்றனர். ஒருவர் ஓட்டுநர். மற்றவரை ஆங்கிலம் 'பயணி' என்கிறது. அதையே பெயர்த்து நாமும் பயணி என்றுவிடுகிறோம். இச்சொல் பிழையானது. அகராதிப் பிழையாக மட்டும் நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். அது ஒரு மனிதரின் உழைப்பையும் பெயரையும் சேர்த்து விழுங்குகிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

சைட்கார் என்றதும் பழைய திரைப்படங்களில் துரைமார் சாய்ந்தமர்ந்து வரும் தொட்டிதான் நம் நினைவுக்கு வரும். பந்தய வண்டியில் தொட்டியும் இல்லை, இருக்கையும் இல்லை. தரையை ஒட்டினாற்போல ஒரு தட்டையான மேடை, அதன் ஓரத்தில் மூன்றாவது சக்கரம், அங்கங்கே சில கைப்பிடிகள், அவ்வளவே. ஓட்டுநர் முழந்தாளிட்டுக் குனிந்து ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கிறார். மற்றவரை வண்டியோடு பிணைக்க ஒரு வாரும் கிடையாது.

இரு சக்கர வண்டி வளைவில் சாயும். மூன்று சக்கர வண்டி சாயாது. அந்தச் சாய்வை ஒரு மனித உடல்தான் ஈடுசெய்ய வேண்டும். பிரிட்டனில் வழக்கமாக மேடை இடப்பக்கம் இருக்கும். இடது வளைவில் பக்கச் சக்கரம் மேலெழப் பார்க்கும். 'பயணி' வெளியே தொங்கித் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து அதை அழுத்திப் பிடிக்கிறார். வலது வளைவில் பின்சக்கரம் பிடிப்பிழக்கும். அவர் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே பாய்ந்து அச்சக்கரத்தின் மேல் தம் எடையை ஏற்றுகிறார். நேர்ப்பாதையில் காற்றுத்தடை குறைய ஒடுங்கிப் படுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. கணம் பிந்தினால் வண்டி கவிழும் அல்லது தடத்தைவிட்டுச் சறுக்கும். இவ்வளவையும் செய்பவரைப் பயணி என்றால், பேருந்தில் ஜன்னலோரம் உறங்கி வருபவரை என்னவென்று அழைப்பது?

இது இன்று நேற்று வந்த நிலையுமன்று. மான் தீவின் டிடி பந்தயத்தில் சைட்கார் பிரிவு முதன்முதலாக நடந்தது 1923இல். வென்றவர் ஃபிரெட்டி டிக்ஸன் என்று எழுதுவர். அவருடைய டக்ளஸ் வண்டியின் பக்கச் சக்கரம் வளைவுக்கேற்பச் சாயும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதைச் சாய்க்கும் நெம்புகோலை இயக்கியவர் உடன் சென்ற வால்ட்டர் டென்னி. முதல் வெற்றியிலேயே இரண்டு பேரின் கைகள் இருந்தன.

எதிர்வாதம் ஒன்றுண்டு. 'உடனிருப்பவர் நகரும் எடைமூட்டைதான், மூளை ஓட்டுநருடையது' என்பது அது. இதற்குப் பந்தய உலகமே விடை தந்துவிட்டது. 1978இல் சுவிட்சர்லாந்தின் ரோல்ஃப் பிலாண்ட் ஏறிய பியோ-யமஹா வண்டி ஏறத்தாழ மூன்று சக்கரக் கார். அதில் உடன் செல்பவர் உட்கார்ந்திருந்தாலே போதும். மறு ஆண்டு உலகப் போட்டித் தொடர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மரபான வண்டிகளுக்கு ஒரு பட்டம், புதுவகை வண்டிகளுக்கு ஒரு பட்டம். அதன்பின் புதுவகை விலக்கப்பட்டது. மீண்டும் அதற்குக் கதவு திறந்தபோது, பின்சக்கரம் இயக்க வேண்டும், முன்சக்கரம் ஹேண்டில்பாரால் திரும்ப வேண்டும் என்பவற்றோடு, உடன் செல்பவரின் செயலூக்கமான பங்கேற்பு இன்றியமையாதது என்பதும் விதியாயிற்று. அதாவது, அவரைத் தேவையற்றவராக்கிய வண்டியை இது சைட்காரே அன்று என்று விளையாட்டு தள்ளிவைத்தது. எடைமூட்டைக்காக எவரும் விதி எழுதுவதில்லை.

விதி ஏற்றுக்கொண்டதைப் பொது நினைவு ஏற்கவில்லை. உலகப் பட்டத்தை எரிக் ஆலிவர் நான்கு முறை வென்றார், கிளாவுஸ் எண்டர்ஸ் ஆறு முறை வென்றார் என்பதே பொதுவில் சொல்லப்படும் கணக்கு. எண்டர்ஸின் ஆறில் ஐந்து ரால்ஃப் எங்கெல்ஹார்ட்டுடையவையும்தான். ஆலிவரோடு 1950, 1951 ஆண்டுகளில் வென்றவர் லொரென்ஸோ டோபெல்லி. 1953இல் ஸ்டான்லி டிப்பென். பதிவேட்டில் இப்பெயர்கள் இருக்கின்றன, பேச்சில் இல்லை.

1949இல், உலகத் தொடரின் முதலாண்டில், ஆலிவரோடு வென்ற டெனிஸ் ஜென்கின்ஸன் மட்டும் விதிவிலக்கு. அவரை மோட்டார் உலகம் மறக்கவில்லை. காரணத்தை இதழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும்: அவர் எழுத்தாளர். 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மோஸ்ஸின் பக்கத்தில் அமர்ந்து, சுருள் தாளில் எழுதிய வழிக்குறிப்புகளைக் கைச்சைகையால் உணர்த்தியபடியே சென்றார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் அவர்கள் வென்றனர். அந்த அனுபவத்தை அவர் 'மோட்டார் ஸ்போர்ட்' இதழில் எழுதினார். பக்கத்தில் இருந்தவர் தாமே பேனா பிடித்ததனால் பெயர் நின்றது. பேனா பிடிக்காதவர்களின் பெயரை நிறுத்துவது யார் கடமை? எழுதுகிறவர்களின் கடமை என்கிறோம்.

பிற மொழிகள் என்ன செய்தன என்றும் பார்ப்போம். பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அவர் 'குரங்கு'. ஆஸ்திரேலியர்களுக்கு அவர் 'ஊசலாடி'. டச்சு மொழியில் 'பக்கெனிஸ்ட்', தொட்டிக்காரர் என்பது போன்ற சொல். ஜெர்மன் மொழியின் 'பைஃபாரர்' உடன் செல்பவர் என்ற அளவில் சற்றுக் கண்ணியமானது. கேலிப்பெயர்களில் வாஞ்சை இருக்கிறது, மறுக்கவில்லை. குரங்கு என்றாலும் தாவுவதையாவது ஒப்புக்கொள்கிறது அச்சொல். பயணி என்பதோ எதையுமே ஒப்புக்கொள்வதில்லை.

இச்சொல்லின் தீங்கு மிகுதியும் வெளிப்படும் இடம் உலகப் பட்டங்களன்று. அமெச்சூர் பந்தயங்களும் அவற்றுக்கான சோதனை நாட்களும்தான். கேட்வெல் பார்க், மெலரி பார்க் போன்ற பிரிட்டிஷ் தடங்களில் வார இறுதியில் சொந்தப் பணத்தைச் செலவழித்து ஓட்டுகிறவர்களைச் சொல்கிறோம். சைட்கார்களை இரு சக்கர வண்டிகளோடு கலந்து ஓடவிட முடியாது. தனி நேரம் ஒதுக்கியாக வேண்டும். எனவே சோதனைக்குக் கிடைப்பது சொற்பச் சுற்றுகள். அந்தச் சொற்பமும் பெரும்பாலும் எஞ்சினுக்கே போகிறது. டயரின் காற்றழுத்தம், பக்கச் சக்கரத்தின் உள்நோக்கிய கோணம், அது பின்சக்கரத்திற்கு எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்பனவெல்லாம் அளக்கப்படுகின்றன. கைப்பிடி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, வலப்பக்கம் தாவும்போது முழங்கால் எங்கே இடிக்கிறது, எந்த வளைவில் ஓட்டுநர் அவருக்கு முன்பே பிரேக்கை விடுகிறார் என்பதைக் கேட்பவர் குறைவு. பயணியிடம் யார் கருத்துக் கேட்பார்கள்? ஆள் வராவிட்டால் இன்னொரு பயணியை ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இச்சொல்லின் பிள்ளைதான்.

உண்மையில், கைப்பிடி ஒன்றை இரண்டு விரற்கடை தள்ளிப் பற்றவைப்பது ஓட்டுநர் வாங்கிப் பூட்டும் புதிய உதிரிபாகத்தைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும்; ஓர் உயிரையும் மிச்சப்படுத்தக்கூடும். நிற்கும் வண்டியில் இருவரும் அசைவுகளை ஒத்திகை பார்ப்பதும், மெதுவான சுற்றுகளிலிருந்து படிப்படியாக வேகமெடுப்பதும், வண்டி நின்றதும் முதல் கேள்வியை மேடையில் இருந்தவரிடம் கேட்பதும்தான் சோதனை. மற்றதெல்லாம் எஞ்சினை இரைய விட்டுக் கேட்டு மகிழ்வது.

'வண்டி ஓட்டுநருடையது, கடனும் அவருடையது' என்பார்கள். இருக்கலாம். உடைமைக் கணக்கில் அவர் முதலாளிதான். இடர்க் கணக்கில் அப்படியொரு படிநிலை கிடையாது. 2022 ஜூன் 4 அன்று மான் தீவில் பிரெஞ்சு இணையர் செஸார் ஷானாலும் ஒலிவியே லவோரெலும் விபத்துக்குள்ளாயினர். ஓட்டுநர் ஷானால் இறந்தார் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. இறந்தவர் லவோரெல் என்பது சில நாட்கள் கழித்தே தெளிவாயிற்று. ஷானாலும் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். அதே பந்தய வாரத்தில் ரோஜர் ஸ்டாக்டனும் அவர் மகன் பிராட்லியும் ஒரே வண்டியில் உயிரிழந்தனர். அந்த அடையாளக் குழப்பத்திற்கு ஒரு சொல்லைக் காரணம் காட்டுவது அறமாகாது, காட்டவுமில்லை. தார்ச்சாலை அந்த இருவரிடையே காணாத வேற்றுமையை நம் சொல் மட்டும் ஏன் காண்கிறது என்றே கேட்கிறோம்.

இத்தகைய விளையாட்டே வேண்டாம் என்போரும் உளர். அது தனி வாதம். அதில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் விளையாட்டு நடக்கும் வரையில், உயிரைப் பணயம் வைப்பவருக்கு அவர் செய்யும் வேலையின் பெயரையாவது தர வேண்டும். 1954இல் இங்கே ஷ்டோல் டிடி பந்தயத்தில் பங்கேற்ற முதல் பெண் ஆனார். 2016இல் ஃபின்லாந்தின் கிர்ஸி கைனுலைனென் சைட்கார் உலகப் பட்டம் வென்ற முதல் பெண் ஆனார். இருவரும் சாதித்தது அந்த மேடையில்தான். உலகப் பட்டம் வென்ற ஒரு பெண்ணைப் பயணி என்று எழுத நம் கை கூச வேண்டாமா?

தமிழில் மாற்றுச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன் தன்னோடு தேரில் இருப்பவனை 'வலவ' என்று தொழிற்பெயரால் விளித்துப் பேசுகிறான். அகமரபில் தலைவனுக்கே இயற்பெயர் இல்லை; ஆயினும் தேரில் உடனிருப்பவன் செய்யும் தொழிலுக்குப் பெயரிருந்தது. அந்த மரபில் வந்தவர்கள் 'இணையோட்டி' என்றொரு சொல்லை ஆளத் தயங்க வேண்டியதில்லை. இதைவிடச் செம்மையான சொல் எவருக்கேனும் தோன்றினால் அதையே ஏற்போம்.

2023இல் மான் தீவின் 60.7 கிலோமீட்டர்ச் சுற்றில் மணிக்கு 120 மைல் சராசரியைச் சைட்காரில் முதன்முதலாகக் கடந்தவர்கள் பென் பர்ச்சல், டாம் பர்ச்சல் சகோதரர்கள். இருவர் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். டாம் இணையோட்டி.