விளைவைப் பெருக்குமுன் விரயத்தை அறிதல்

பண்ணையில் லாபம் குறைந்தால், குற்றத்தை மழையின் மேலும் விலையின் மேலும் சுமத்திவிட்டு, அடுத்த போகத்திற்கு உரத்தைக் கூட்டுவதே அநேகருடைய வழக்கம். வேலை நடக்கும்போதே கைநழுவிப் போகும் நஷ்டத்தை அளந்து பார்ப்பவர் சிலரே.

இவ்விஷயத்தில் ஜப்பான் தேசத்து டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையின் முறை கவனிக்கத்தக்கது. அதனை ஸ்தாபித்தவரின் தந்தையாகிய சாக்கிச்சி டொயோடா 1924-ல் பூர்த்தி செய்த விசைத்தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதுள்ள துணியை நெய்துகொண்டே போவதினும், நின்று காரணம் அறிவது மேல் என்பதே அதன் தத்துவம். பிற்காலத்தில் தாயிச்சி ஓனோ என்னும் எஞ்சினீயர் அதனை மோட்டார் வேலையில் நிலைநாட்டி, விரயத்தை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருத்தல், வீண் போக்குவரத்து, வேண்டாத வேலை, அதிக இருப்பு, வீண் அசைவு, பழுது என்பன அவை.

ஆலைக்குரியது வயலுக்கு ஆகுமா என்று சிலர் கேட்கலாம். 2014-ல் அந்நிறுவனமே ஐச்சி, இஷிகாவா மாகாணங்களின் நெற்பண்ணைகளுக்கு இம்முறையைக் கொண்டுசென்றது. பல சொந்தக்காரர்களின் சிதறிய வயல்களை ஏற்றுச் சாகுபடி செய்யும் பண்ணைகள் அவை. எந்த வயலில் என்ன வேலை எப்போது நடந்தது என்பதை வேலையாட்கள் அன்றன்றே கைப்பேசியில் பதிவு செய்வர். அத்தகைய கணக்கு இருந்தால்தான் நாற்றங்காலில் மிஞ்சும் நாற்றும், வீணாகும் ஆள்நேரமும் வெளிப்படும்.

ஆனால், ஆளைத் தண்டிப்பதற்காக எழுதப்படும் கணக்கு விரைவில் பொய்க்கணக்காகிவிடும். கூலி பிடிக்கப்படுமென்று அஞ்சுபவன் மிஞ்சிய நாற்றை மறைப்பானேயன்றிச் சொல்லமாட்டான். நடவாட்கள் வரப்பில் காத்திருந்தால், அவர்களைச் சோம்பேறிகள் என்னுமுன், நாற்றுக்கட்டு வயலுக்கு வந்துசேர்ந்த நேரத்தைப் பார்க்கவேண்டும். குற்றம் முதலில் முறையில் தேடப்படவேண்டும். பழுதைக் கண்டவன் வேலையை நிறுத்திச் சொல்வதற்கு உரிமையும், அதனால் கூலி குறையாதென்ற உறுதியும் அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் இது பொருந்தும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை வந்த நேரம், எடை போட்ட நேரம் ஆகிய இரண்டையும் எழுதிவந்தால், தாமதம் எவ்விடத்தில் நேருகிறதென்பது வாக்குவாதமின்றி விளங்கும்.

எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கவேண்டுவதில்லை. ஒரு போகத்தில் ஒரு வேலையை மட்டும் அளந்து எழுதி, மறு போகத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மீண்டும் அளந்தால் போதும். இதற்கு வேண்டிய முதல், ஒரு நோட்டுப் புத்தகமும், அதில் உள்ளதை உள்ளபடி எழுதும் துணிவுமே.