கேட்காமலேயே செய்த பழுதுபார்ப்பு: பட்டறை சொல்லும் தொகையைக் கட்டித்தான் ஆகவேண்டுமா?

"பிரேக் பேட் மட்டும் மாத்துங்க" என்று சொல்லிக் காரை விடுகிறீர்கள். 300 வெள்ளி ஆகும் என்கிறார் மெக்கானிக். மாலையில் பில் 850 வெள்ளி! "டிஸ்க்கும் தேஞ்சுபோச்சு, சேர்த்து மாத்திட்டேன்" என்கிறார். பணம் கட்டினால்தான் சாவி.

என்ன செய்யலாம்?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சொன்ன மதிப்பீட்டைவிட மிக அதிகமாகக் கட்டணம் வசூலிப்பது நியாயமற்ற செயல் என்கிறது சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம். கூடுதல் தொகைக்கு நீங்கள் முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு. தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வதும் தவறுதான்.

சிக்கல் எங்கே?

'மிக அதிகம்' என்றால் எத்தனை விழுக்காடு என்று சட்டம் வரையறுக்கவில்லை. பேச்சு வாய்மொழியாகவே முடிந்துவிட்டால் யார் சொல்வது உண்மை என்ற கேள்வியும் எழும். "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதையே, பட்டறை சம்மதம் என்று வாதிடலாம்.

சாவியைத் தர மறுத்தால்?

ஒப்புக்கொண்ட வேலைக்குப் பணம் வரும்வரை வாகனத்தைப் பிடித்துவைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு. கேட்காத வேலைக்கு அந்த உரிமை பொருந்துவது கடினம். ஆனால் தனியார் வாடகை கார் ஓட்டுநருக்கு ஒரு நாள் வண்டி நின்றாலே வருமானம் போச்சு. அந்த அவசரமே பட்டறையின் பலம்.

ஆகவே:

- ஒப்புக்கொண்ட தொகையை முதலில் கொடுக்க முன்வாருங்கள்.
- ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை போட்ட பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள்.
- வேறு வழியின்றி முழுத் தொகையையும் கட்டினால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

எங்கே முறையிடுவது?

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் சமரசத்துக்கு உதவும். ஆனால் அதனால் பட்டறையைக் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்த படி, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஈராண்டுக்குள் செல்லவேண்டும்.

550 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா என்று பலர் விட்டுவிடுவதுண்டு. அதனால் சாவியைக் கொடுக்கும்போதே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "என்னைக் கேட்காமல் வேறு எதையும் மாற்ற வேண்டாம்." பின்னால் தகராறு வந்தால், அதுவே உங்கள் சாட்சி.