பறவைக்குத்தான் 1,070 கிலோமீட்டர்

பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தட்டிப் பாருங்கள். சுமார் 1,070 கிலோமீட்டர், விமானத்தில் 1 மணி 20 நிமிடம் என்று சொல்லும் பக்கங்கள் வரிசையாக வரும். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பிப் பயணம் கிளம்பினால் என் கதிதான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்து தூரம் எழுதினால், பக்கத்திலேயே 'ஆ வோல் துவாஸோ' என்று எழுதியாக வேண்டும். பறவை பறக்கிற கணக்கில் என்று பொருள். விட்டுவிட்டால் முசியே மதிப்பெண்ணில் கை வைப்பார். பத்து வயதுப் பிள்ளைகளிடம் அவர் எதிர்பார்த்த அந்த நாணயம் இந்தப் பக்கங்களுக்கு இல்லை.

அவர்கள் செய்வது என்ன? இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து உருண்டையின் மேல் ஒரு குறுக்குக் கோடு. அதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் பயண நேரம். ஓடுபாதைக்குப் போகும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம், சுற்றி இறங்கும் நேரம் எதுவும் கிடையாது. சீன வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படையின் கையில். பயணி விமானங்கள் தமக்கு ஒதுக்கிய பாதையில்தான் போகவேண்டும். நெரிசலானால் தரையில் காக்கவேண்டும். அதனால்தான் விமானக் கம்பெனிகளே தங்கள் அட்டவணையில் இரண்டே கால் மணி நேரம் போல் போடுகிறார்கள். 2019இல் திறந்த தாசிங் விமான நிலையம் தியானன்மென் சதுக்கத்திலிருந்து 46 கிலோமீட்டர் தெற்கே. அது யார் கணக்கில்?

ரயிலைப் பாருங்கள். 2011இல் திறந்த அதிவேகப் பாதை 1,318 கிலோமீட்டர். மிக வேகமான வண்டி 4 மணி 18 நிமிடத்தில் ஷாங்காய் ஹோங்சியாவில் விடும். தண்டவாளத்தை அளந்து சொன்ன தூரம், கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம்.

2018இல் ஷாங்காயிலிருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தோம். பெய்ஜிங் பார்த்துவிட்டு, அன்று இரவே ஷாங்காய் புதோங்கிலிருந்து ஊர் திரும்ப டிக்கெட். "அப்பா, காலை ரயில்ல வந்துடுங்க" என்றான். 1 மணி 20 நிமிடம் என்று அச்செடுத்த தாள் என் சட்டைப்பையில் இருக்கும்போது அவன் பேச்சு ஏறுமா? மதிய விமானம் எடுத்தேன். கதவை மூடிய பிறகு இரண்டு மணி நேரம் தரையிலேயே நின்றது. முட்டிவலிக்காரியான என் மனைவி மடக்கிய காலை நீட்ட இடமில்லாமல் தவித்தாள். ஹோங்சியாவில் இறங்கி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் புதோங்குக்கு ஓடினால் கவுன்ட்டர் மூடியாயிற்று. இரண்டு டிக்கெட் பணமும் தண்டம்.

'தோராயம்தானே சார்' என்பார் சிலர். பல வருஷம் பயணப்படி பில் சரிபார்த்தவன் நான். எந்த அதிகாரியாவது குறுக்குக் கோட்டுத் தூரத்தைப் போட்டு அனுப்பியிருந்தால் ஆட்சேபணை எழுதித் திருப்பியிருப்பேன். தோராயம் என்றால் தோராயம் என்று எழுதட்டும். நிமிடம் வரைக்கும் துல்லியமாகப் போட்டுவிட்டுப் பிறகு தோராயம் என்பது என்ன நியாயம்?

அந்தத் தாள் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் முசியே சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்.