ஒரு கிளையில் திருத்தம், மறுகிளையில் பிழை!

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியின் நீரை ஒரு வாய்க்காலில் மட்டுமே திறந்துவிட்டால், கள்ளக்குறிச்சிக் கழனிகள் எல்லாம் விளைந்துவிடுமா? மென்பொருள் தமிழாக்கமும் அத்தகையதே.

1997இல் தொடங்கிய ‘நோம்’ என்னும் கட்டற்ற மென்பொருளின் மொழிபெயர்ப்புகள், லினசு தோர்வால்சு 2005இல் ஆக்கிய ‘கிட்டு’க் கருவியில் கிளைகிளையாய்க் காக்கப்படுகின்றன. வரவிருக்கும் பதிப்புக்கு முதன்மைக்கிளை. வெளிவந்த பதிப்பின் பழுதுநீக்க நிலைக்கிளை.

‘பைல்’ என்பதைக் ‘கோப்பு’ என முதன்மைக்கிளையில் மட்டும் திருத்தினால், வெளிவந்த பதிப்பை இயக்கும் வெள்ளிமலை மாணாக்கனின் திரையில் ‘பைல்’ அப்படியே நிற்கும். ஆதலின், திருத்தத்தை ஈரிடத்தும் பதித்தலே முழுப்பணி. ஒரு கிளையின் மாற்றத்தை மறுகிளைக்குக் கொண்டுசேர்க்கும் கட்டளையும் கிட்டில் உண்டு.

சொல்லை ஆக்கிய அளவில் அமையாது, மலையூர்வரை அதனைச் சேர்ப்பதே தமிழ்த்தொண்டர் கடன்!