வேகத்தை விற்பவர்களும் பூட்டை மறந்தவர்களும்

பத்திரிகையின் செய்தி மேசையில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், வாகனத் திருட்டுச் செய்திகளுக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. வாகனத்தின் நிறம், இலக்கம், நிறுத்தப்பட்டிருந்த இடம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, இறுதி வரியில் பொலிஸார் விடுக்கும் அறிவுரையைச் சேர்த்துவிட்டால் செய்தி முடிந்தது. 'உரிமையாளர்கள் தமது வாகனங்களைச் சரிவரப் பூட்டிச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்ற அந்த வரியை எத்தனை முறை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பறிகொடுத்தவனையே குற்றவாளிக் கூண்டில் பாதி ஏற்றிவிடும் வரி அது.

இன்று அந்த வரி பொருளற்றுப் போய்விட்டது. காரைப் பூட்டி, திறப்பைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு உறங்குகிறவனின் கார்தான் விடியும்போது காணாமற் போகின்றது. அதிலும் வேகத்துக்கும் வலுவுக்கும் பெயர்பெற்ற கார்களே முதலிற் போகின்றன. இதில் உரிமையாளனின் கவனக்குறைவு எங்கே இருக்கின்றது? இக்கேள்வியை நாம் கேட்க வேண்டிய இடம் பொலிஸ் நிலையமன்று. காரைச் செய்து விற்ற தொழிற்சாலை என்பதே என் கருத்து.

ஐக்கிய அமெரிக்காவின் டொட்ஜ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சார்ஜர் ஹெல்கட், சலஞ்சர் ஹெல்கட் என்ற இரு கார்களை அந்நிறுவனம் 2015ஆம் ஆண்டு மாதிரிகளாக விற்பனைக்கு விட்டது. 6.2 லீற்றர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட இயந்திரம். வலு 707 குதிரைவலு. சாதாரணக் குடும்பக் கார்கள் நான்கைந்தின் வலு ஒன்றுசேர்ந்தது போல. அந்நாட்டுக் காப்புறுதி நிறுவனங்களின் இழப்புத் தரவுகளை ஆராயும் நிறுவகம் 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2020 முதல் 2022 வரையிலான மாதிரிகளுள் சார்ஜர் ஹெல்கட் முழுமையாகத் திருடப்பட்டதாகக் கிடைத்த இழப்பீட்டுக் கோரிக்கைகள், ஏனைய கார்களின் சராசரியைவிட 60 மடங்குக்கும் அதிகம்.

இக்கார்களில் பாதுகாப்புச் சாதனமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். திறப்புக்குள் பொதிந்த சில்லை அடையாளங் கண்டால் மட்டுமே இயந்திரத்தை இயங்கவிடும் முடக்கி இருக்கத்தான் செய்தது. ஆனால் திறப்பைத் தொலைத்த உரிமையாளருக்குப் புதிய திறப்பொன்றைப் பதிவு செய்து கொடுப்பதற்காக, திருத்துநர்கள் பயன்படுத்தும் கருவிகள் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், சுக்கானுக்குக் கீழே உள்ள பரிசோதனைத் துவாரத்தில் அக்கருவியைச் செருகினால் சில நிமிடங்களிற் புதிய திறப்பு தயாராகிவிடும். கருவி யார் கையில் இருக்கிறது என்று கார் கேட்பதில்லை. அரண்மனைக்கு ஆயிரம் காவலரை நிறுத்திவிட்டு, சமையற்கட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை இது.

டொட்ஜ் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஒரு மாற்றுவழியை அறிவித்தது. இலவச மென்பொருளொன்றின் மூலம் நான்கு இலக்கக் குறியீடு கேட்கப்படும். அதைச் சரியாக வழங்காவிட்டால் இயந்திரம் நிமிடத்துக்கு 675 சுழற்சிக்கு மேல் எழாது. வலு மூன்று குதிரைவலுவைக்கூட எட்டாது. புல்வெட்டும் இயந்திரத்தின் வலுவுக்கும் குறைவு! புதிய திறப்புகளைப் பதிவுசெய்ய இயலாதவாறு தடுக்கும் ஏற்பாட்டை மறு ஆண்டு அறிவித்தது. நல்ல ஏற்பாடுகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் முதலாவது கார் விற்பனையாகி ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே இந்த ஞானம் பிறந்தது. இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதற்குச் செலவிட்ட அறிவில் நூறில் ஒரு பங்கை முதல் நாளே பூட்டுக்குச் செலவிட்டிருக்கலாகாதா?

இது புதிய நோயுமன்று. பிரித்தானியாவில் ஃபோர்ட் நிறுவனம் 1986இல் சியரா கொஸ்வேர்த் என்ற காரை வெளியிட்டது. பந்தயத் திடலில் வெல்வதற்காகவே உருவாக்கப்பட்டு, விதிமுறையை நிறைவு செய்வதற்காகப் பொதுமக்களுக்கும் விற்கப்பட்ட கார் அது. 204 குதிரைவலு அக்காலத்தில் பெரிய விடயம். ஆனால் அதன் கதவுப் பூட்டோ சாதாரண சியராவின் பூட்டுத்தான். திருடர்களின் செல்லப்பிள்ளையாக அது மாறியதில் வியப்பில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறிய வேகத்தில், காரை வாங்க இயன்றவர்களாலும் அதை வைத்திருக்க இயலாத நிலை வந்தது. 1990களின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் வாகனங்கள் களவாடப்பட்டன.

அந்நிலையை மாற்றியது எது? உரிமையாளர்களுக்குச் சொன்ன அறிவுரையா? இல்லை, சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் வகுத்த பணிப்புரையின்படி, 1998 ஒக்டோபர் முதல் விற்கப்படும் புதிய கார் ஒவ்வொன்றிலும் இலத்திரனியல் முடக்கி கட்டாயமாயிற்று. அவுஸ்திரேலியா 2001இலும் கனடா 2007இலும் அவ்வழியைப் பின்பற்றின. நெதர்லாந்தின் தரவுகளைக் கொண்டு இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, முடக்கியின் வரவால் ஒரு கார் திருடப்படும் வாய்ப்பு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று கண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு இலட்சமாயிருந்த தொகை, 2013 அளவில் ஒரு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஐக்கிய அமெரிக்கா முடக்கியைக் கட்டாயமாக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் ஏனைய நிறுவனங்களின் கார் வகைகளுள் 96 சதவீதமானவற்றில் முடக்கி அடிப்படையாகவே இருந்தது. ஹியுண்டாய், கியா ஆகிய இரண்டின் வகைகளிலோ 26 சதவீதத்தில் மட்டுமே. ஐரோப்பாவில் சட்டத்துக்குப் பணிந்து பொருத்திய அதே சாதனத்தை, சட்டமில்லாத அமெரிக்காவில் அவை மலிவு வகைகளிற் பொருத்தாமல் விட்டன. அக்கார்களைக் கிளப்பும் வித்தை 2021, 2022ஆம் ஆண்டுகளில் சமூக வலைத்தளக் காணொளிகளிற் பரவியது. திருடியவர்களிற் பலர் பள்ளிப் பருவத்தினர். அந்நாட்டின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2023 பெப்ரவரியில் அறிவித்தபடி, இவ்வகைத் திருட்டுகளோடு தொடர்புடையனவாகக் குறைந்தது 14 விபத்துகளும் எட்டு மரணங்களும் பதிவாகியிருந்தன. அதன் பின்னரே ஏறத்தாழ 83 இலட்சம் வாகனங்களுக்கு இலவச மென்பொருள் வழங்கப்பட்டது. எட்டு உயிர்கள் ஒரு சிறு சில்லின் விலைக்குப் போயின. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் பார்த்து எடுத்த முடிவின் விளைவு என்றே சொல்வேன்.

ஐரோப்பாவிலும் அந்த வெற்றி நிலைக்கவில்லை. திறப்பைச் சட்டைப் பையில் இருந்து எடுக்காமலே கதவைத் திறக்கலாம், பொத்தானை அழுத்தினாற் கார் கிளம்பும் என்ற வசதி பரவிய பின் வேறொரு வாசல் திறந்தது. இவ்வகைக் கார் குறைந்த தூரம் செல்லும் வானொலி அலையொன்றை அனுப்பித் திறப்பைத் தேடும். திறப்பு பதில் சொன்னாற் கதவு திறக்கும். திருடர் இருவர் வருவர். ஒருவர் காரருகிலும் மற்றவர் வீட்டு வாசற் கதவருகிலும் நின்று, அந்த அலையைக் கருவிகளால் நீட்டிக் கொடுப்பர். உள்ளே மேசையிற் கிடக்கும் திறப்பு, தான் கார் அருகில் இருப்பதாக எண்ணிப் பதில் கூறிவிடும். கண்ணாடி உடைவதில்லை; ஓசையும் எழுவதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களை இவ்வாறு சோதித்து, பத்தும் ஏமாந்தன என்பதை 2011இலேயே உலகுக்குச் சொல்லிவிட்டனர். எச்சரிக்கை வந்த பின்னரும் அதே குறையுடன் கார்கள் ஆண்டாண்டாக விற்கப்பட்டன.

எச்சரித்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பையும் சொல்லியாக வேண்டும். பிரித்தானிய, நெதர்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர், பல உயர்தரக் கார்களிற் பயன்பட்ட முடக்கிச் சில்லொன்றின் குறைபாட்டைக் கண்டறிந்தனர். ஆய்வை வெளியிட முனைந்தபோது வொக்ஸ்வாகன் நிறுவனம் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தை நாடி, 2013இல் இடைக்காலத் தடையுத்தரவு பெற்றது. ஈராண்டுகளின் பின், 2015இல், ஒரேயொரு வாக்கியத்தை நீக்கிவிட்டு ஆய்வு வெளியாயிற்று. திருடர்கள் படித்துவிடுவார்கள் என்ற அச்சத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. எனினும் திருடனுக்குத் தெரிந்த இரகசியம் காருக்குப் பணம் கொடுத்தவனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது என்ன நியாயம்? எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு, வாயை மூடுவதன் மூலம் ஓட்டையை அடைக்கலாம் என்ற எண்ணம் எங்கும் வென்றதாகத் தெரியவில்லை.

அண்மைக்காலத்தில் இன்னொரு வழியும் வெளிப்பட்டது. காரின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உள்ளே ஒரு கம்பி வலையமைப்பு உண்டு. முகப்பு விளக்குக்குச் செல்லும் கம்பியும் அவ்வலையமைப்பின் ஒரு கிளையே. பம்பரை இழுத்துத் தளர்த்தி, விளக்கின் இணைப்பைக் கழற்றி, அங்கிருந்தே 'திறப்பு வந்துவிட்டது' என்ற பொய்ச் செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். இலண்டனில் வாகன மின்பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் காரே இவ்வாறு 2022இற் களவு போனது. அவரும் நண்பரும் துப்புத் துலக்கி 2023இல் வெளியிட்ட விபரங்களின்படி, திருடர்களின் கருவி சாதாரணச் சிறு ஒலிபெருக்கி போல் உருமாற்றப்பட்டிருந்தது. பூட்டுகளை ஆராய்பவருக்கே இக்கதியென்றால் நம்மைப் போன்றவர்களின் நிலை எம்மாத்திரம்?

அப்படியாயின் உரிமையாளர் கைகட்டி நிற்க வேண்டுமா? அதுவும் இல்லை. விலையுயர்ந்த காரை வைத்திருப்பவர், ஒரே பூட்டை நம்பாமல் அடுக்கடுக்காகத் தடைகளை வைக்க வேண்டும். இரவில் திறப்பை உலோக இழை பொதிந்த உறையிலோ மூடியுள்ள தகரப் பெட்டியிலோ வைப்பது முதற்படி. மாற்றுத் திறப்பையும் அவ்வாறே வைக்க வேண்டும். சுக்கானுக்கு இரும்புத் தண்டுப் பூட்டு, பரிசோதனைத் துவாரத்துக்குப் பூட்டுள்ள மூடி, உரிமையாளர் மட்டுமே அறிந்த பொத்தான்களைக் குறித்த வரிசையில் அழுத்தினாலன்றி இயந்திரத்தை இயங்கவிடாத இரண்டாவது முடக்கி, மறைவிடத்திற் பொருத்திய இடங்காட்டிக் கருவி ஆகியன அடுத்த படிகள். திருடனுக்கு நேரமே பகை. ஒவ்வொரு தடையும் அவனுடைய நேரத்தைத் தின்னும்.

ஆயினும் இங்கே ஓர் அறச்சிக்கல் உண்டு. கண்ணுக்குத் தெரியும் தண்டுப் பூட்டைக் காணும் திருடன் தொழிலை விட்டுவிடுவதில்லை. அடுத்த வீட்டுக் காரிடம் போகிறான். என் பூட்டு எனக்குக் காவல், அயலவனுக்குக் கேடு. இதற்கு மாறாக, 1986இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அறிமுகமான லோஜக் என்ற மறைவான வானொலிக் கருவியை இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 1998இல் ஓர் உண்மையைக் காட்டினர். எந்தக் காரில் அக்கருவி இருக்கிறது என்று தெரியாதபடியால் திருடர்கள் எல்லாக் கார்களையும் அஞ்சினர். கருவிக்குப் பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது மொத்த நன்மையிற் பத்திலொரு பங்குக்கும் குறைவு. மீதி ஊருக்குப் போனது. ஊருக்கு நன்மை தரும் காரியத்தைத் தனியொருவரின் பணப்பையிடம் விட்டுவிட்டால் அது போதியளவு நடைபெறாது. சட்டம் தலையிட வேண்டும் என்று நான் கூறுவதற்கான காரணம் இதுவே.

சட்டத்திடம் நான் கேட்பவை மூன்று. திறப்பு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை, அலை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு அளந்தறியும் தொழில்நுட்பம் ஏற்கெனவே சில கார்களில் உண்டு. அது எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். காரின் உள் வலையமைப்பில் உலாவும் செய்திகள் மறைகுறியாக்கப்பட வேண்டும். விற்ற பின் கண்டறியப்படும் பூட்டுக் குறைபாட்டை, தடுப்புக் கருவிக் குறைபாட்டைப் போலவே கருதி, உற்பத்தியாளர் தன் செலவிலே திருத்த வேண்டும்.

பிரித்தானிய அரசு 2025 பெப்ரவரியில் முன்வைத்த சட்டமூலம், அலை நீட்டும் கருவிகளை வைத்திருப்பதையே குற்றமாக்க முனைந்தது. அது வேண்டியதுதான். ஆனால் அக்கருவியை ஏமாறாத காரைச் செய்வது அதனினும் வேண்டியது.

ஹெல்கட்டுகள் நமது வீதிகளில் ஓடவில்லையே, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் யப்பானியக் கார்கள் இலங்கையில் நிறையவே ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கூடப் பொன்னின் விலைக்கு உயர்ந்ததை நாமறிவோம். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து ஒரு காரை வாங்குபவருக்கு அதன் குதிரைவலு எவ்வளவாயினும் இழப்பு ஒன்றுதான். வாங்கும்போது எரிபொருட் செலவை விசாரிக்கும் நாம், பூட்டைப் பற்றியும் விசாரிக்கப் பழக வேண்டும். கேட்பவர்கள் பெருகினால்தான் விற்பவர்கள் பதில் வைத்திருப்பார்கள்.

இனிவரும் செய்தியாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய இறுதி வரியை எடுத்துவிடுங்கள். 'பூட்டிச் சென்றாரா?' என்று உரிமையாளரைக் கேட்பதற்கு முன், 'பூட்டக்கூடிய காரைத்தான் விற்றீர்களா?' என்று நிறுவனத்தைக் கேளுங்கள்.